பால் கட்டாத காலை

ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொன்னேன். அதுவும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அந்தக் கடன் அப்படியே இருக்கிறது.

இப்போது பள்ளியின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பூங்கொடி வீட்டுக்கே வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அறிவியல் கூடத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, சோதனை வராமப் போனா நீங்கல்லாம் என்னக்கா செஞ்சீங்க? இப்ப ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுனா போதும்னு சொல்றாங்க. அதுல ஒரு தடவகூட வராமப் போறதில்ல லா."

அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பூங்கொடி திருத்திக்கொள்ளட்டும்.

பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். பதின்மூன்று வயதில் அம்மாவோடு பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனேன். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு ஈப்போ பக்கம் சிலிபினுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். ஆறு வருடம் கழித்து, அறிவியல் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் இல்லை என்று என்னை அங்கே மாற்றினார்கள். அட்டெண்டன் என்று பெயர். கழுவ வேண்டும், எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்ப எண்ணி அடுக்க வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

கூடத்துக்குப் பொறுப்பு ரெஜினா டீச்சர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். கீழ்ப் படிவ வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தார். முதல் நாளே என்னை "அக்கா" என்றார். கடைசி நாள் வரை "நீங்க" என்பதை விட்டு இறங்கவில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கோபம் போய்விடும். முடியாவிட்டால் இன்னொரு தடவை துடைப்பார்.

போத்தல்களில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களை என்னால் படிக்க முடியாது என்று அவர் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். நான் ஒவ்வொரு போத்தலாக மூடியைத் திறந்து மோந்து பார்த்து எடுத்ததைப் பார்த்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் அலமாரி முழுவதும் கலர் டேப். ஆசிட்டுக்குச் சிவப்பு, அம்மோனியாவுக்கு நீலம், உப்பு வகைக்கு மஞ்சள்.

"பிள்ளைங்க அவசரத்துல மாத்தி எடுத்துடுறாங்க. அதான் ஒட்டிட்டேன்" என்றார்.

பிள்ளைகள் அந்த அலமாரிப் பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். இருந்தாலும் நான் "ஆமா டீச்சர்" என்றேன்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்றுண்டு. நாளைக்குப் பிள்ளைகள் செய்யப்போகும் சோதனையை இன்றைக்கே நானும் அவரும் செய்து பார்க்க வேண்டும். அதே போத்தல், அதே கரண்டி, அதே மேசை. பள்ளி முடிந்து இரண்டரை மணிக்கு ஆரம்பிப்போம். அவர் செய்முறையைப் படிப்பார், நான் செய்வேன். என் கைக்கு வந்தால் பிள்ளைகள் கைக்கும் வரும் என்பது அவர் கணக்கு. சில நாள் வராது. நான் பதறுவேன்.

"பதறாதீங்க அக்கா. சோதனை பொய் சொல்லாது. நாமதான் எதையாவது சொல்லாம விட்டிருப்போம்" என்பார். முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பூமி உண்டான கதையைச் சொல்லும் பாடம். அதற்குச் சாமான் சேர்ப்பது என் பொறுப்பு. பத்து காஜாவில் முன்பு ஈயம் தோண்டிய பழைய குட்டை ஓரத்திலிருந்து வெள்ளை மணலும் களிமண்ணும் கொண்டு வருவேன். மணலைக் கழுவி, சலித்து, தகரத்தில் பரப்பிக் காயவைப்பேன். சந்தையில் சாப்பிட்டு எறிந்த சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து வேகவைத்து நாற்றம் போக்குவேன். ஒரு மீன்தொட்டியில் களிமண், சிப்பி, மணல், மறுபடி களிமண் என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து அழுத்தி வைக்க வேண்டும். பிள்ளைகள் கரண்டியால் மேலிருந்து தோண்டி, எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி, எது முதலில் வந்தது என்று சொல்ல வேண்டும். அடியில் கிடப்பதுதான் பழையது என்று சொல்ல எல்லாப் பிள்ளைக்கும் வாய் துடிக்கும். தோண்டி எழுதிய பிறகுதான் சொல்ல விடுவார்.

அடுத்த வாரம் கல். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகளின் அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் கல்லையே பொறுக்கி வருவேன். அதன்மேல் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். சிப்பி ஓட்டின்மேல் விட்டாலும் அதே நுரை. இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் சிப்பியும் பவளமுமாகக் கிடந்தது என்று டீச்சர் சொல்வார். முதல் தடவை கேட்ட அன்று வகுப்பு முடிந்ததும் நான் அவரிடம் கேட்டேன்.

"நெசமாவா டீச்சர்? இங்க கடலா?"

"நெசந்தான் அக்கா."

"எங்க தாத்தா கடலத் தாண்டி இங்க வந்தாரு. பாத்தா, கடல் அவருக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருக்கு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நான் சொல்லி ஒருவர் சிரிப்பது எனக்கு அதுவரை பழக்கமில்லை.

ஷாலினி என்ற பெண்ணைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். இரண்டாம் படிவம், பதினான்கு வயது. மெலிந்த பிள்ளை, இரட்டைச் சடை, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். கல்லின்மேல் ஒரு சொட்டு விடச் சொன்னால், இவள் கல்லைக் கோப்பையில் போட்டு முழு ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். நுரை பொங்கி வழிந்து பக்கத்துப் பிள்ளையின் சட்டைக்கையில் பட்டது. தண்ணீரில் கழுவியதில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டையில் மட்டும் மறுநாள் ஓட்டை விழுந்திருந்தது.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முழுக் கல்லும் கரைஞ்சிடுமான்னு பாத்தேன் டீச்சர்."

"கரைஞ்சதா?"

"இல்ல டீச்சர். ஆசிட்டு தீந்துபோச்சு."

துணைத் தலைமையாசிரியருக்கு இது சிரிப்பாகப் படவில்லை. அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையனுக்குக் கண்ணில் ஆசிட் தெறித்து, அவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அவர் ஷாலினியைக் கூப்பிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னார்: இன்னொரு தடவை செய்முறையை மீறினால் வருடம் முடியும் வரை அறிவியல் கூடத்துக்குள் காலை வைக்க முடியாது. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான். அன்று எல்லாரும் போன பிறகும் ஷாலினி கூடத்திலேயே நின்றாள். என்னிடம் வந்து, "அக்கா, நூலகத்துல அடுப்பு இருக்காது, போத்தல் இருக்காது, ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பால் பாடம். ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் கட்டியாகும், அம்மோனியா விட்டால் கட்டாமல் பாலாகவே நிற்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு இது பாடமே இல்லை, தினசரி வேலை. டவுன் பிள்ளைகளுக்கு அதிசயம். முன்பெல்லாம் பத்து காஜா பக்கத்தில் ஒருவரிடம் காலையில் வாங்கி, ஒரு மணி நேரத்தில் பள்ளிக்குக் கொண்டு வந்துவிடுவேன். அந்த வருடம் அவரும் மரத்தைச் சாய்த்துவிட்டார். தூரத்து ஊரான சிலிம் ரிவரில் என் தம்பிக்கு இரண்டு ஏக்கர் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம், இருந்தது. முதல் நாளே போய்த் தங்கி, விடியலில் அவன் வெட்டிய பாலை ஒரு லிட்டர் தகர டின்னில் வாங்கிக்கொண்டேன். பால் சோதனையை மட்டும் முதல் நாள் செய்து பார்க்க முடியாது, பாலை வைத்தால் கெட்டுவிடும். "பால் உங்க பொறுப்பு அக்கா" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சரிபார்க்காமல் என்னிடம் முழுதாக விட்ட வேலை அது ஒன்றுதான்.

ஈப்போ வருவதற்குள் வெயில் ஏறிவிடும். பஸ் ஆட்டத்தில் பால் டின்னுக்குள்ளேயே கட்டிவிடும். தம்பி மூடியில் ஆணி ஓட்டை போட்ட ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்தான்.

"அக்கா, மூணு உதறு உதறிக்க. மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

அம்மா அப்படித்தான் செய்வார். வெயில் நாளில் பால் வாளிக்கு மூன்று உதறல். என் கையும் யோசிக்கவில்லை. மூன்று தடவை உதறி, மூடியை இறுக்கி, வழியில் தேவைப்பட்டால் என்று போத்தலையும் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பால் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு நினைவில் இருந்தது. போத்தலில் இருந்தது அம்மோனியா என்பதும், எங்கள் அலமாரியில் நீல டேப் ஒட்டி நிற்பதும் அதுதான் என்பதும் ஒன்றாக என் தலைக்குள் வரவே இல்லை. ஒன்று தோட்டத்துச் சாமான், மற்றது பள்ளிச் சாமான்.

அன்று கல்வி இலாகாவிலிருந்து ஓர் அம்மையார் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். துணைத் தலைமையாசிரியரும் கூட வந்து பின்னால் நின்றார். ஆறு குழு, குழுவுக்கு மூன்று கோப்பை. முதல் கோப்பையில் ஐந்து சொட்டு ஆசிட். இரண்டாவதில் ஐந்து சொட்டு அம்மோனியா. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் பார்த்து எழுத வேண்டும். முதல் கோப்பை தயிர் போலத் திரண்டிருக்க வேண்டும்.

பத்து நிமிடம் ஆனது. மூன்று கோப்பையும் பாலாகவே இருந்தது. எல்லாக் குழுவிலும்.

"டீச்சர், கட்டல."

"எங்களுதும் கட்டல டீச்சர்."

"இது பசும்பால் போல லா" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பு சிரித்தது. டீச்சர் ஆசிட் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு டேப், சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார்.

கழுவுதொட்டிப் பக்கம் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. டின்னை மோந்து பார்க்கவே தேவையில்லை.

அதற்குள் ஷாலினியின் மேசையில் ஒரு சத்தம். "கட்டிடுச்சு." அவள் கோப்பையில் மட்டும் வெள்ளையாகத் திரண்டு நின்றது. துணைத் தலைமையாசிரியர் போய்ப் பார்த்தார். அவள் நோட்டையும் பார்த்தார்.

"எத்தனை சொட்டு?" என்று மலாயில் கேட்டார்.

"இருபது, ஐயா."

"செய்முறையில் எத்தனை?"

"ஐந்து."

"போன தடவை நான் என்ன சொன்னேன்?"

அவர் வாசலைக் காட்டினார். விதியை மீறியது உண்மை, அதற்கு டீச்சரால் என்ன சொல்ல முடியும்? பக்கத்துப் பையன், "ஆசிட்டக் குடிக்காம விட்டாளே" என்று முணுமுணுத்தான். ஷாலினி நோட்டைப் பையில் போட்டாள். பென்சில் பெட்டியைப் போட்டாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு மூடவில்லை. அதை இழுத்துக்கொண்டே நின்றாள்.

நான் கையில் ஒரு பீக்கரை வைத்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை. வெளியிலிருந்து எந்த மருந்து வந்தாலும் மருந்து நோட்டில் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. பெயர் ஒட்டாத ஒரு போத்தல் என் கூடையில் கிடந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடலாம். திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை நூலகத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது: அவள் ஜிப்பை மூடி, பையைத் தோளில் மாட்டி, வாசல் வரை போகும்வரை நான் பேசவில்லை.

அப்புறம் என் குரல் எனக்கே கேட்டது. "டீச்சர். தப்பு என்னோடது."

மலாய் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழில்தான் சொன்னேன். பால் கட்டாமல் இருக்க வழியில் மருந்து உதறினேன், அதனால்தான் ஐந்து சொட்டுக்குக் கட்டவில்லை, இந்தப் பிள்ளை அதிகமாக விட்டதால்தான் கட்டியது என்றேன். கூடையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அது டக்கென்று சத்தம் போட்டது. வகுப்பில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் தெரியாத பிள்ளைகளுக்குக் காதில் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

ரெஜினா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் சொன்னதை ஒன்று விடாமல் மலாயில் திருப்பிச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எனக்காகக் கெஞ்சவும் இல்லை. பிறகு ஷாலினியிடம், "நோட்டை எடு" என்றார்.

சிக்கிய ஜிப்பை மறுபடி திறந்து அவள் நோட்டை எடுத்தாள். டீச்சர் அதை வாசித்தார். ஐந்து சொட்டு, மாற்றம் இல்லை. எட்டு சொட்டு, மாற்றம் இல்லை. பதினொன்று, இல்லை. பதினான்கு, ஓரத்தில் கொஞ்சம். பதினேழு, பாதி. இருபது, முழுக் கட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடம் போட்டிருந்தது.

"விதியை மீறியிருக்கிறாள். ஆனால் மீறியதை மறைக்கவில்லை. பாலில் ஏதோ இருக்கிறது என்று இந்த அறையில் கண்டுபிடித்தது இவள் ஒருத்திதான்" என்று டீச்சர் மலாயில் சொன்னார்.

அதிகாரி அம்மையார் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். துணைத் தலைமையாசிரியர், ஷாலினி இருக்கலாம், ஆனால் ஒரு மாதத்துக்கு டீச்சர் மேசையில் டீச்சர் பக்கத்தில் நின்றுதான் எதையும் செய்ய வேண்டும் என்றார். ஷாலினிக்கு அது தண்டனை என்றே தோன்றவில்லை, பையை வீசாத குறையாக ஓடி வந்தாள். என் பக்கம் திரும்பி அவர், "இனி எழுதி வைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்" என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை.

ஷாலினி என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைக்கு வந்ததும் கேட்டாள்:

"அக்கா, நீங்க எத்தன சொட்டு போட்டீங்க?"

"எண்ணலம்மா. எங்கம்மா உதறுற மாதிரி மூணு உதறு உதறுனேன்."

"மூணு உதறுன்னா எத்தன?"

டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் அதுதான் பாடம். ஜன்னலெல்லாம் திறந்து, எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, என்னை முன்னால் நிறுத்திவிட்டார்கள். மருந்து நோட்டில் அந்தப் போத்தலைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நாற்பது பிள்ளைகள் பார்க்க, காலிக் கோப்பையில் மூன்று தடவை உதறினேன். ஷாலினி அதைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, ஒவ்வொரு சொட்டாக வெளியே விட்டு எண்ணினாள். வகுப்பே சத்தமாகக் கூட எண்ணியது. நாற்பத்தொன்று. மறுபடி உதறினேன். முப்பத்தெட்டு. மூன்றாம் தடவை சரியாக நாற்பது.

"மெஷின் மாதிரி இருக்கு லா" என்று பசும்பால் பையன் சொன்னான்.

அம்மா இறந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. அவர் கைக்கு ஓர் அளவு இருந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஷாலினி பலகையில் எழுதினாள்: மூன்று உதறல், நாற்பது சொட்டு. பிறகு திரும்பி, "டீச்சர், இது யாரோட அளவுன்னு எழுத?" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா பேரு, மாரியாயின்னு எழுதும்மா" என்றேன்.

எழுதினாள். அந்த எண்ணை வைத்து, தம்பியிடமிருந்து அதே மூன்று உதறலோடு நான் மறுபடி கொண்டு வந்த பாலில் எவ்வளவு ஆசிட் விட்டால் கட்டும் என்று ஒவ்வொரு குழுவும் பார்த்தது. எல்லாக் கோப்பையும் கட்டியது.

வகுப்பு முடிந்தால் கோப்பை கழுவுவதும் பலகை துடைப்பதும் என் வேலை. அன்று கோப்பைகளைக் கழுவினேன். பலகையைத் துடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் சீக்கிரம் வந்து துடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் ரெஜினா டீச்சர் எனக்கு முன்னால் வந்து, பலகையில் அம்மா பெயர் இருந்த பாதியை அப்படியே விட்டு, மற்ற பாதியில் அன்றைய பாடத்தை எழுதி முடித்திருந்தார்.